நானூறு குப்பி

பிலோமினா கேட்டது நான்கு குப்பி இன்சுலின்.
வந்திறங்கியது நானூறு.
சிவாஜி நகர், விடியற்காலை ஐந்தேகால், மழை.
கடையில் இருப்பது இடுப்பளவு ஃப்ரிட்ஜ் ஒன்று.
தோசை மாவை எடுத்து வெளியே வைத்தாள்.
ஞாயிற்றுக்கிழமைக்கென்று வாங்கிய வஞ்சிரத்தையும் எடுத்தாள்.
அப்படியும் நூற்றிருபதுதான் கொண்டது.
மிச்சத்துக்குப் பக்கத்துப் பிரியாணிக் கடைக்காரர்
ஐஸ் பெட்டி கொடுத்தார், கறி வாசனையோடு.
ஐஸில் படாமல் துண்டு சுற்றி வைத்தாள்,
உறைந்தால் மருந்து வீண்.
பிறகு எனக்குப் போன் செய்தாள்:
"உங்க கம்ப்யூட்டருக்குக் கணக்கு வராதாம்மா?"

கணக்கு வரும்.
அதுதான் சங்கடம்.

ஆறு ஏஜெண்டுகள்.
ஆறின் பதிவையும் திறந்தேன்,
முருகேஷ்பாளையத்து அறையில், கொசுவத்திப் புகைக்குள்.
ஆறிலும் பச்சை டிக்.
ஆளாளுக்கு "நான் சொல்லிட்டேனே" என்று நிற்க
பந்தியில் உப்பு மட்டும் இல்லாமல் போகுமே,
அந்த மாதிரி.

இருப்பைப் பார்க்கும் ஏஜெண்ட்
பீன்யா குளிர்கிடங்கைக் கேட்டிருக்கிறது.
அங்கே கரண்ட் போய், நெட்டும் போயிருந்தது.
முப்பது நொடி பார்த்துவிட்டு எழுதியது:
தெரியவில்லை.
நேர்மையான சொல். அதன்மேல் எனக்குக் கோபமில்லை.
அதை வாங்கிச் சுருக்குவது அடுத்ததன் வேலை.
சுருக்கியது:
இல்லை.

இதெல்லாம் தமிழில் நடக்கவில்லை.
எனக்குப் புரிந்தது மட்டும் தமிழில்.
தெரியவில்லையின் வாலாகத் தொங்குகிறது ஓர் இல்லை.
நடுவே ஒட்டி நிற்பது ஒரு வகரம்,
உடம்படுமெய் என்று ஒரு மதிப்பெண்ணுக்காகப் படித்தது.
அந்த இடத்தில் அறுந்தால்
பல்லி ஒரு பக்கம் கிடக்கும்,
துடித்தபடி அடுத்த அறைக்குப் போவது
வால்.

வாலை நம்பி ஆர்டர் போட்டது மூன்றாவது. நான்கு குப்பி.
ரசீது வரவில்லை. மறுபடி போட்டது.
வரவில்லை. மறுபடி.
ஒவ்வொரு முறையும் புது எண்,
அதனால் அந்தப் பக்கம் ஒவ்வொன்றும் புது ஆர்டர்.
நூறாவதில் நின்றது.
நூறு என்று எழுதியது
நான்.
போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை,
சில்க் போர்டு நெரிசலுக்குள் மாட்டாமல் கிளம்பும் அவசரத்தில்.
மூன்று என்று எழுதவும்
அதே நேரம்தான் ஆகியிருக்கும்.

"எந்த ஏஜெண்ட் தப்பு?" என்றார் ஹெப்பார்.
அவருடைய படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கட்டம்.
"ஏஜெண்ட் இல்ல சார்," என்றாள் நாகவேணி,
"இடுக்கு."
இரண்டுக்கும் நடுவில், யார் பெயரும் எழுதாத இடம்.
கட்டத்தில் அவர் என்ன எழுதினார் என்று
நான் பார்க்கவில்லை.

ஒரு ஆர்டருக்கு ஒரே எண்,
எத்தனை முறை கதவைத் தட்டினாலும்.
நூறு மூன்றாயிற்று.
தெரியவில்லை வந்தால் சுருக்கக் கூடாது,
வந்த இடத்திலேயே எல்லாம் நிற்க வேண்டும்,
மனுஷரை எழுப்ப வேண்டும்.
மனுஷர் என்றால் இந்த வாரம் நான்.

இன்றிரவு மூன்று பத்துக்கு எழுப்பியது.
சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.
கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டுதான் எழுந்தேன்.
திரையில் அந்தச் சொல், முழுதாக, தலையோடு.

பீன்யாவுக்குப் போன் போட்டேன்.
ஒன்பதாவது மணியில் காவலாளி எடுத்தார்.
இன்சுலின் எத்தனை இருக்கிறது என்றேன், என் அரைகுறைக் கன்னடத்தில்.
"கொத்தில்லம்மா," என்றார். தெரியாதாம்.
"இருங்க, பார்த்துட்டு வந்து சொல்றேன்."

போனைக் கீழே வைக்கும் சத்தம்.
செருப்பு நடந்து போகிறது.
கனத்த கதவொன்று திறக்கிறது.
முப்பது நொடி எப்போதோ தாண்டிவிட்டது.
நான் வைக்கவில்லை.